பத்தடி பின்னால் ஒரு சிவப்பு ஸ்டூல்

இருபத்திரண்டு வருஷமாகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டுகிறவன் நான். அந்த ரோட்டில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையையும் என் முதுகுக்குத் தனித்தனியாகத் தெரியும். பயணிகள் பிடித்துக்கொள்ள மேலே கம்பி வைத்த புண்ணியவான்கள் டிரைவருக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. கடைசியில் கீழ் முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி, வலது காலுக்குப் போகிற நரம்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. டிக்கெட் எடுக்காமல் உட்காருகிற ஆள் மாதிரிதான். கேட்டாலும் எழுந்திருக்காது.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் அதை வெட்டி இறக்கிவிட்டார்கள். கண் விழித்தபோது வலி இல்லை. ஒன்றரை வருஷமாகக் கூடவே குடியிருந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனதில் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வலது பாதம் மிதிக்கச் சொன்னால் மிதித்தது. தூக்கச் சொன்னால் தூக்கவில்லை. கட்டை விரல் என்னைத் தெரியாதவன்போல் படுத்துக் கிடந்தது.

மற்றவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. கொஞ்சம் விந்தி நடந்துவிட்டுப் போகலாம். எனக்கு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க வேண்டும். அது முடியாத டிரைவரும் பிரேக் இல்லாத பஸ்ஸும் ஒன்றுதான். நரம்பு நாள்பட நசுங்கியிருக்கிறது, மெல்ல வரும், வந்தாலும் வரலாம் என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்துப் பார்த்து, தகுதி இருந்தால் எழுதித் தருவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் டிப்போ ஷெட்டில் உட்கார்ந்து, பஸ் எடுக்கப் போகிறவர்களுக்குப் பல்பும் துடைக்கிற துணியும் எடுத்துக் கொடுக்கிற வேலை. கெட்ட வேலை இல்லை. ஆனால் ஸ்டியரிங் பிடித்த கைக்குத் துடைக்கிற துணி என்பது, மாப்பிள்ளைக்குப் பந்தியில் கடைசி இலை போட்ட மாதிரி.

டாக்டர் தெலுங்கில் மூன்று கட்டளை போட்டார். வங்கொத்து, எத்தொத்து, திரகொத்து. குனியாதே, தூக்காதே, உடம்பை முறுக்கித் திரும்பாதே. கேட்பதற்குப் பாட்டு மாதிரி இருந்தது. தாளம் போட்டுத் திருப்பிச் சொன்னேன். நர்ஸ் சிரித்தார், டாக்டர் சிரிக்கவில்லை. எனக்கு முதுகில் இருந்த வியாதிதான் போயிற்று. வாயில் இருக்கிறது பிறவி வியாதி. பயம் வந்தால் ஜோக்கு வரும். அந்த மூன்று மாதமும் சித்தூரிலேயே பெரிய ஜோக்கர் நான்தான்.

என் மனைவி அங்கன்வாடி டீச்சர். பத்து நாள் லீவு போட்டு என்னைக் கட்டிலில் மரக்கட்டை மாதிரிப் புரட்டி எழுப்பக் கற்றுக்கொண்டாள். பத்தாம் நாள் லீவு தீர்ந்தது. என் அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அதனால் குடிபாலா பக்கத்துக் கிராமத்திலிருந்து என் மாமியார் வந்து இறங்கினார்.

இங்கேதான் கதையின் முதல் சிக்கல். எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளை எதிரில் நிற்க மாட்டார், உட்கார மாட்டார், நேருக்கு நேர் பேசவும் மாட்டார். அது கோபம் இல்லை, மரியாதை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவரை நான் முழுசாகப் பார்த்ததில்லை. கதவோரத்தில் ஒரு புடவைத் தலைப்பு தெரியும். அதுதான் மாமியார் என்று தெரிந்துகொள்வேன். அப்படிப்பட்டவரும் நானும் சித்தூரில் ஒரே ஒரு ரூமும் சமையலறையும் இருக்கிற வாடகை வீட்டில், காலையிலிருந்து மூன்று மணிவரை தனியாக. அவர் ஒளிய இடம் இல்லை. எனக்கு ஓட முதுகு இல்லை.

இரண்டாம் நாளே அவர் வழி கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் பேச வேண்டியதை எல்லாம் வீட்டுச் சாமான்களிடம் பேசினார். "கஞ்சி ஆறிப்பூட்சுன்னா வாய்ல வைக்க முடியாது" என்று மிக்ஸியிடம் சொல்வார். அப்படியென்றால் நான் சாப்பிட வர வேண்டும். "பெல்ட்டு கட்டாம எழுந்துக்கினு போனா டாக்டரு திட்டுவாரு" என்று தண்ணீர்க் குடத்துக்குப் புத்தி சொல்வார். நான் இடுப்புப் பெல்ட்டைத் தேடுவேன். பதிலை நான் சுவரில் இருந்த காலண்டரிடம் சொல்லிவிடுவேன். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் சும்மா இருந்த சாமான் ஒன்றுகூட இல்லை. எல்லாமே யாருக்காவது தூது போய்க்கொண்டிருந்தது.

நடக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. முதல் நாள் கேட்டுவரை, பிறகு தெருமுனை, பிறகு பால் பூத். கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று என் மனைவிக்குக் கவலை. மாமியார் பக்கத்தில் நடந்து வர முடியாது, மரியாதை இடிக்கும். எனவே பத்தடி பின்னால் வந்தார். இடுப்பில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். நான் களைத்து நின்றால் ஸ்டூல் வந்து எனக்குப் பின்னால் இறங்கும். நான் உட்கார்ந்ததும் அவர் ஏதாவது ஒரு காம்பவுண்டு சுவரைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொள்வார். நான் எழுந்தால் ஸ்டூல் மறுபடி இடுப்புக்குப் போகும்.

தெருவுக்கு இதைவிட நல்ல சினிமா கிடைக்குமா? டீக்கடைக்காரர், கலெக்டருக்குக்கூட நாற்காலி பின்னாலேயே நடந்து வருவதில்லையே அண்ணா என்று தெலுங்கில் கேட்டார். கலெக்டருக்கு மாமியார் கொடுப்பினை இல்லை என்றேன். பின்னால் ஸ்டூல் ஒரு நிமிஷம் நின்று, பிறகு நடந்தது. சிரித்தாரா, முறைத்தாரா? திரும்பிப் பார்க்க முடியாது. திரகொத்து.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. நான் களைத்துவிட்டேன் என்று எனக்கே தெரிவதற்கு முன்னால் ஸ்டூல் வந்துவிடும். இன்னும் நாலடி போகலாம் என்று நினைக்கும்போதே பின்னால் பிளாஸ்டிக் தரையில் படுகிற சத்தம் கேட்கும். உட்கார்ந்த பிறகுதான் தொடை நடுங்குவது தெரியும்.

என் வேலை வேறு நடந்துகொண்டிருந்தது. கட்டிலில் படுத்து, எதிர்ச் சுவரோரம் இரண்டு தலையணை வைத்து, ஒன்று ஆக்ஸிலேட்டர், ஒன்று பிரேக் என்று காலை மாற்றி மாற்றிப் பழகினேன். வாயால் ஹாரன்கூட அடித்தேன். முதலில் வரவில்லை. மூன்றாம் வாரம் பாதம் கொஞ்சம் அசைந்தது. ஐந்தாம் வாரம் காலையில் எழுந்ததும் நன்றாகத் தூக்கியது. சாயங்காலம் ஆனால் மறுபடி முரண்டு. யார் கேட்டாலும் காலையில் இருக்கிற காலைப் பற்றி மட்டும் சொன்னேன். என் மனைவி தினமும் ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்பாள். சூப்பர் என்பேன். விரல் டான்ஸ் ஆடுகிறது என்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்ப்பாள்.

ஏழாவது வாரம் அந்தக் கூத்து நடந்தது. கேஸ் சிலிண்டர்காரர் சிலிண்டரைக் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுப் போய்விட்டார். வாசலில் நான். எதிர் வீட்டம்மா என்னைப் பார்த்து, பாவம், எப்படி இருந்த மனுஷன் என்கிற முகத்தோடு நின்றார். அந்த முகத்தை மட்டும் என்னால் தாங்க முடியாது. தூக்கத்தானே கூடாது, விளிம்பில் சாய்த்து உருட்டிக்கொண்டு போனால் என்ன? எங்கள் ஊரில் சிலிண்டரை எல்லோரும் அப்படித்தான் கொண்டுபோவார்கள். அதற்குக் குனிய வேண்டும் என்பது ஞாபகத்தில் இல்லை. கையை நீட்டிப் பாதி குனிந்துவிட்டேன்.

"டேய் எருமை, குனியாதடா!"

குரலோடு ஆளும் வந்தார். என் இடுப்புப் பெல்ட்டைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து, சேற்றில் இறங்கிய மாட்டை இழுப்பதுபோல் நிமிர்த்தினார். நான் நிமிர்ந்தேன். அவரும் நிமிர்ந்தார். பதினேழு வருஷத்தில் முதல் முறையாக மாமியாரும் மாப்பிள்ளையும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம். மூக்கில் ஒரு பச்சைக்கல் மூக்குத்தி இருந்தது. அதுவரை எனக்கு அது தெரியாது.

அடுத்த நொடி முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். மிக்ஸியோடு பேசவில்லை, குடத்தோடு பேசவில்லை. மகள் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் பஸ் ஏறிவிட்டார். மாப்பிள்ளையை "டா" போட்டு, அதுவும் தெருவில், அதுவும் எருமையோடு சேர்த்துக் கூப்பிட்ட பிறகு, அந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு போடுவது?

மாமனார் போன் செய்தார். அவர் நாள் முழுக்க வெயிலில் வேர்க்கடலைக்குக் களை எடுக்கிற மனிதர். போனில் பேச்சு வராது. "மாப்ள, வாய் தவறிப்பூட்சு. மனசுல வச்சுக்காதீங்க. நானு நேர்ல வந்து சொல்லிக்கினு போறேன்" என்றார். நான் சொன்னேன்: "மாமா, எருமைன்னதுல இன்னா தப்பு? எருமையாச்சும் குனிஞ்சா எழுந்துக்கும்." அவர் சிரிக்கவில்லை. நான் மன்னித்துவிட்டேனா இல்லையா என்று என் ஜோக்கிலிருந்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. நேராக ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் வரவில்லை.

அன்று ராத்திரி என் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா உன் முன்னாடி நின்னதே இல்ல. உன் பெல்ட்டப் புடிச்சு இழுக்கணும்னா எவ்ளோ பயந்திருக்கணும், அத யோசிச்சியா நீ?"

யோசித்தேன். அதற்கு ஜோக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு தனியாக நடந்தேன். ஸ்டூல் சமையலறை மூலையில் கிடந்தது. முதல் நாளே பால் பூத்துக்குப் பக்கத்தில், சாக்கடைமேல் போட்ட கல்லில் வலது செருப்பின் முனை தட்டிற்று. விழவில்லை, கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தேன், நான் களைத்திருந்தேன். எப்போது களைத்தேன் என்று தெரியவில்லை. எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

மூன்று மாதம் முடிந்தது. திருப்பதிக்குப் போக வேண்டும். என் மனைவிக்கு அன்று பார்த்து டிரெய்னிங். என்ன சொல்லி அழைத்தாளோ, முந்தின நாள் மாமியார் வந்து சேர்ந்தார். முக்காடு முன்பைவிட நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. நான் காலண்டரிடம், வந்தது சந்தோஷம் என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பிடித்த முருங்கைக்கீரைப் பொரியல் மட்டும் வாசலைத் தாண்டி வந்தது.

இந்தப் பயணத்தில் நான் ஒரு திருட்டுத்தனம் செய்திருந்தேன். டாக்டரிடம் காலை முதல் டோக்கன் வாங்கியிருந்தேன். காலையில் என் கால் யோக்கியன். சாயங்காலம்தான் குட்டு உடையும். விடிந்ததும் கிளம்பும் பஸ்ஸில் ஏறினோம். ஓட்டியது என் கூட்டாளி. நான் முன் சீட்டில் நேராக உட்கார்ந்தேன், மாமியார் எனக்குப் பின்னால் பெண்கள் சீட்டில்.

டாக்டர் முதுகுத் தையலைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது என்றார். குதிகாலை ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னார். வீட்டில் ஒத்திகை பார்த்ததுதான். சுவரிலிருந்து சுவர் வரை அன்ன நடை நடந்தேன். அவர் முகம் மலர்ந்தது. பேனாவை எடுத்தார். வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று தெலுங்கில் கேட்டார். என் கால் இப்போது என்னைவிட வேகமாக இருக்கிறது சார், சில சமயம் அது முன்னால் போய் எனக்காகக் காத்திருக்கிறது என்றேன். அவரும் அன்றைக்குச் சிரித்துவிட்டார்.

அறை ஓரத்தில் ஒரு எடை பார்க்கிற மெஷின் இருந்தது. அதைப் பார்த்து ஒரு குரல் சொன்னது.

"சாயங்காலத்துல அப்டி இல்ல."

டாக்டருக்குத் தமிழும் தெரியும். நிமிர்ந்தார். கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றவரை உள்ளே அழைத்து நாற்காலி காட்டினார். மாமியார் உட்காரவில்லை. ஆனால் முக்காட்டைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு, டாக்டரை நேராகப் பார்த்துப் பேசினார்.

"மொதல்ல காலு தரையைத் தேச்சுக்கினே வந்துது சார். மூணு வாரம் அப்டி. அப்பால தேய்க்கல, பட்டு பட்டுன்னு அடிச்சுது. இப்போ காலைல சத்தமே இல்ல. பொழுது எறங்கிட்டா மறுபடி அடிக்குது, நேத்துகூடக் கேட்டேன். மொத வாரம் பால் பூத்து போறதுக்குள்ள நாலு வாட்டி ஸ்டூலு போட்டேன். கடசியா ஒரு வாட்டிதான். அவரு சொல்ல மாட்டாரு. சிரிச்சுக்கினே மறைச்சுடுவாரு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இதெல்லாம் எப்படிக் கவனித்தீர்கள் அம்மா என்று கேட்டார்.

"பின்னாடியே போனேன் சார். வேற இன்னா வேல எனக்கு?"

டாக்டர் மேலும் பத்துக் கேள்வி கேட்டார். எல்லாம் அவரிடம்தான். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் சொன்னார்: அந்த அம்மா சொன்னது நல்ல செய்திதான், நரம்பு உயிர் பெற்று வருகிறது. ஆனால் களைத்தால் காலை விட்டுவிடுகிறது. பஸ்ஸுக்கு இன்னும் ஆகாது. இரண்டு மாதம், ரப்பர் பட்டை வைத்துப் பயிற்சி, பிறகு பார்ப்போம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். கூட்டாளி இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, ஆபரேஷனில் நாக்கையும் எடுத்துவிட்டார்களா என்றான். எனக்குக் கோபம். பேனா டாக்டர் கையில் இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் அந்த அம்மா பொறுத்திருந்தால் சீட்டு என்னுடையது.

பாதி வழியில் ஒரு ஆடு ரோட்டில் இறங்கிற்று. நான் ஆட்டைப் பார்க்கவில்லை, கூட்டாளியின் காலைப் பார்த்தேன். பழக்கம். அவன் பாதம் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்து பிரேக்கில் விழுந்தது. எழுந்ததையே நான் பார்க்கவில்லை, விழுந்ததைத்தான் பார்த்தேன். பஸ் குலுங்கி நின்றது. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், ஒரு குழந்தை அழுதது, ஆடு திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகப் போயிற்று. கூட்டாளி யாருக்கோ ஒரு வசவு விட்டுவிட்டு கியர் போட்டான்.

அந்தக் கண் மூடித் திறக்கிற நேரம் சாயங்காலத்தில் என்னிடம் இல்லை. எனக்கு அது தெரியும். இரண்டு மாதமாகத் தெரியும். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்கு, நான் காலை டோக்கன் வாங்கி ஏமாற்றப் பார்த்திருக்கிறேன்.

திரும்பக் கூடாது என்பதால் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்போடு பின்பக்கம் திரும்பினேன். பெண்கள் சீட்டு மொத்தமும் என்னைப் பார்த்தது.

"அத்தே," என்றேன். "நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்கு சிலிண்டர்கிட்ட சொன்னதும் சரி."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் தலைப்பால் ஒற்றினார். பிறகு ஜன்னல் கம்பியிடம் சொன்னார்:

"பஸ்ஸு போறப்போ எழுந்து நிக்கக் கூடாது. டிரைவருக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியும்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் உட்கார்ந்தேன்.

அந்த இரண்டு மாதம் டிப்போவில் என்னை பஸ் ஸ்டாண்டு மைக்கில் உட்கார வைத்தார்கள். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்ல வேண்டும். வேலூர் பஸ் கிளம்பப் போகிறது, டீ குடிக்கிறவர்கள் டம்ளரை வைத்துவிட்டு வரவும் என்றெல்லாம் சொந்தச் சரக்கும் சேர்த்தேன். இரண்டு தடவை எச்சரிக்கை வாங்கினேன். சாயங்காலம் வீடு வந்து ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுப்பேன். பிறகு பால் பூத். பத்தடி பின்னால் மாமியார். என் மனைவி கேட்டால், இன்றைக்குச் சாயங்காலம் அடித்தது, இன்றைக்கு அடிக்கவில்லை என்று உள்ளது உள்ளபடி சொல்லப் பழகினேன். சொல்லிப் பழகாத வாய், முதலில் கொஞ்சம் வலித்தது. கடைசி மூன்று வாரம் ஸ்டூல் தரையில் இறங்கவே இல்லை. பிறகு வேர்க்கடலை பிடுங்குகிற நேரம் வந்துவிட்டது என்று அவர் ஊருக்குப் போனார்.

அடுத்த முறை டாக்டரிடம் நானே கேட்டுச் சாயங்கால டோக்கன் வாங்கினேன். காலையெல்லாம் திருப்பதி வீதியில் நடந்து காலைக் களைக்க வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். நடந்து காட்டினேன். பாதம் நின்றது. அவர் எழுதிக் கொடுத்தார்.

பழைய ரூட் உடனே தரவில்லை. முதலில் சின்ன ரூட், சித்தூரிலிருந்து வேலூர். முதல் நாள் பின்மதிய டிரிப், சீட்டெல்லாம் நிரம்பி நடுவில் பத்துப் பேர் நின்றார்கள். குடிபாலா தாண்டி மாமியார் ஊர் ஸ்டாப்பில் நிறுத்தினேன். அங்கே ஏறவும் ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை. பின் படிக்கட்டுப் பக்கம் முக்காடு போட்ட ஒரு உருவம் மட்டும், கடலைக்காட்டு மண்ணோடு நின்றுகொண்டு, கண்டக்டரை அழைத்து ஏதோ கேட்டது. கண்டக்டர் ஏதோ சொன்னார். உருவம் தலையாட்டிவிட்டுக் காட்டுப் பக்கம் நடந்துவிட்டது. என் பக்கம் வரவில்லை.

விசில் அடித்துவிட்டு முன்னால் வந்த கண்டக்டரிடம் என்னவாம் என்று கேட்டேன்.

"உங்க மாமியாராமே? பிரேக்கு எப்டி போடறாருன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்னே?"

"நின்னுக்கினு வர்றவங்க ஒருத்தரும் கம்பியப் புடிக்கல, நீங்களே பாருங்கன்னேன். ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டுத்தான் போனாங்க."

அடுத்த ஸ்டாப்பில் ஒரு அம்மா கை காட்டினார். காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்தேன்.